யாருடைய சம்பளம், யாருடைய கடன்? அமெரிக்காவில் ஓர் அரசியல் அறிவியல் பட்டத்தின் கணக்கு

அமெரிக்கக் கல்லூரியொன்றில் சேரும் மாணவி, பெற்றோரைச் சார்ந்தவள் என்று கணக்கில் வந்தால், மத்திய அரசிடம் தன் பெயரில் வாங்கும் கடனுக்கு ஆண்டுதோறும் ஒரு வரம்பு உண்டு. முதலாண்டில் 5,500 டாலர், இரண்டாமாண்டில் 6,500, அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் 7,500. நான்காண்டையும் கூட்டினால் 27,000 டாலர். படிக்கும்போதே ஏறும் வட்டியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். வட்டி 6 சதவீதம், பத்தாண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 300 டாலர், ஆண்டுக்கு 3,600 டாலர் கட்ட வேண்டும். தவணை, ஆண்டு வருமானத்தில் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கக் கல்வித் துறை தன் விதிகளில் எடுத்தாண்ட அளவுகோல்களில் ஒன்று. அந்த அளவுகோலில் 3,600 டாலர் தவணைக்கு ஈடான சம்பளம் சரியாக 45,000 டாலர்.

இனி மறுபக்கம். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி, பாடவாரியாகப் பட்டதாரிகளின் சம்பளத்தைத் தொகுத்து வெளியிடுகிறது. அதில், 22 முதல் 27 வயதுவரை முழுநேர வேலையில் இருக்கும் அரசியல் அறிவியல் பட்டதாரிகளின் இடைநிலைச் சம்பளம் அண்மை ஆண்டுகளில் 50,000 டாலரை ஒட்டி நிற்கிறது. ஆக, கடன் தாங்கக்கூடியது, பட்டம் தேறிவிட்டது. கல்லூரி ஆலோசகர்களும் செய்தித்தாள் பத்திகளும் பெரும்பாலும் இந்த இடத்தில் கணக்கை மூடிவிடுகிறார்கள்.

மூடக் கூடாது என்பது என் வாதம். தராசின் ஒரு தட்டில் இருக்கும் ஆட்களும் மறுதட்டில் இருக்கும் ஆட்களும் ஒரே கூட்டம் இல்லை. அரசியல் அறிவியலைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு மற்றப் பல பாடங்களைவிடப் பெரிது.

முதலில் அந்த 8 சதவீதம். அதன் பூர்வீகம் வீட்டுக் கடன். கடன்காரரின் வருமானத்தில் வீட்டுத் தவணைக்கு எவ்வளவு, மற்றக் கடன்களுக்கு எவ்வளவு என்று வங்கிகள் பிரித்துப் பார்த்த பழக்கத்திலிருந்து உருவான விதி அது. 2006இல் சாண்டி பாம், சால் ஷ்வார்ட்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள், படித்து வெளியே வருகிற இளைஞரின் கடனை அளக்க இந்த விதிக்குப் போதிய அடிப்படை இல்லை என்று எழுதினார்கள். 30,000 டாலர் சம்பளக்காரருக்கும் 1 லட்சம் டாலர் சம்பளக்காரருக்கும் 8 சதவீதம் ஒரே சுமையாக இருக்க முடியாது. வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுவதில்தான் தவணை கட்ட வேண்டும். அவர்களுடைய வாதம் சரியென்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் வேறு கைவசமான அளவுகோல் இல்லாததால் எல்லோரும் இதைத்தான் எடுக்கிறார்கள்; நானும் கீழே ஒப்பிடுவதற்காக மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்க அரசு 2015 செப்டம்பரில் காலேஜ் ஸ்கோர்கார்டு என்னும் இணையத் தரவுத்தளத்தைப் புதிய வடிவில் வெளியிட்டது. கல்லூரிகளுக்கு மதிப்பெண் கொடுத்து வரிசைப்படுத்துவதுதான் ஒபாமா அரசின் முதல் திட்டம். கல்லூரிகளின் எதிர்ப்பு வலுத்ததால் தரவரிசை கைவிடப்பட்டு, தரவு மட்டும் வெளிவந்தது. 2019இல் அது பாடவாரியாகவும் விரிந்தது. இன்று ஒரு குறிப்பிட்ட கல்லூரியில் அரசியல் அறிவியல் படித்தவர்களின் சம்பளத்தையும் கடனையும் ஒரே பக்கத்தில் பார்க்கலாம். வருமானவரிப் பதிவுகளிலிருந்து எடுத்த சம்பளம் என்பதால், பழைய மாணவர்களைக் கேட்டு எழுதிய கணக்கைவிட இது எவ்வளவோ நம்பகமானது. இப்படியொரு தரவு பொதுமக்கள் கைக்கு வந்தது பெரிய காரியம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அந்தப் பக்கத்தில் யாரெல்லாம் இல்லை என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே பின்தொடரும் தேசியப் பதிவேட்டை மத்திய அரசு உருவாக்கக் கூடாது என்று 2008ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் தடுத்துவிட்டது. அதனால் அரசின் கடனோ உதவித்தொகையோ பெற்றவர்கள் மட்டுமே இந்தக் கணக்கில் வருகிறார்கள். கையில் காசு வைத்துப் படித்த வீட்டுப் பிள்ளைகள் இதில் இல்லை. சிறிய கல்லூரிகளில் ஆள் எண்ணிக்கை குறைவென்றால், தனியுரிமை கருதி எண்ணையே மறைத்துவிடுவார்கள். இவற்றைவிட முக்கியமானது ஒன்று. அளக்கும் ஆண்டில் வேறெங்கோ படித்துக்கொண்டிருப்பவர்கள் சம்பளக் கணக்கிலிருந்து நீக்கப்படுகிறார்கள்.

வேதிப் பொறியியலில் இந்த நீக்கம் பெரிய வித்தியாசத்தைக் காட்டாது. பட்டம் முடித்ததும் பெரும்பாலோர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அரசியல் அறிவியலில் நிலைமை வேறு. சட்டக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறவர்களில் அதிகம் பேர் படித்து வரும் இளங்கலைப் பாடம் இதுதான். துளசேந்திரபுரத்தில் வேர்கொண்ட கமலா ஹாரிஸ் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் 1986இல் பட்டம் பெற்றது அரசியல் அறிவியலிலும் பொருளியலிலும். அடுத்து அவர் போனது கலிஃபோர்னியாவில் சட்டம் படிக்க. அது அந்தப் பாடத்தின் பழகிய தடம். நியூயார்க் ஃபெட் தொகுப்பின்படி அரசியல் அறிவியல் பட்டதாரிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் பிறகு மேற்பட்டம் ஒன்றும் பெறுகிறார்கள். அந்தப் பாதியை அதே தொகுப்பின் சம்பளப் பட்டியல் விட்டுவிடுகிறது. இளங்கலையோடு நின்றவர்களின் ஊதியத்தை மட்டுமே அது காட்டுகிறது. இந்தப் பாடத்தின் இளம் பட்டதாரிகளில் சுமார் பாதிப்பேர், பட்டமே தேவைப்படாத வேலைகளில் இருக்கிறார்கள் என்பதும் அதே தொகுப்பு தரும் செய்தி.

ஸ்கோர்கார்டின் மற்றோர் எண்ணில் கோணல் எதிர்த்திசையில் இருக்கிறது. கல்லூரி முழுமைக்குமான சம்பளத்தை அது, மாணவர் சேர்ந்து பத்தாண்டு கழித்து அளக்கிறது. அதற்குள் சட்டம் முடித்து வழக்கறிஞராகிவிட்டவரின் சம்பளமும் அதில் கலந்திருக்கும். பக்கத்தில் உள்ள கடன் எண்ணோ, அந்த இளங்கலைக் கல்லூரியில் வாங்கிய கடன் மட்டும். சட்டப்படிப்புக்கு வாங்கிய ஒன்றரை லட்சம் டாலர் வேறெங்கோ, வேறொரு பக்கத்தில் கிடக்கிறது. சம்பளத்தில் இரண்டு பட்டங்களின் பலன், கடனில் ஒரு பட்டத்தின் செலவு. பதினேழு வயதுப் பிள்ளையும் அதன் தாய்தகப்பனும் இதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

தொழிலாளர் புள்ளியியல் துறையின் கையேட்டிலும் இப்படியொரு பொறி உண்டு. ‘அரசியல் அறிவியலாளர்’ என்ற தொழிலுக்கு அது 1.3 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட இடைநிலைச் சம்பளம் காட்டுகிறது. நாடு முழுவதும் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஏழாயிரம் பேர் அளவில்தான். பெரும்பாலோர் மத்திய அரசில், வாஷிங்டன் வட்டாரத்தில், முதுகலையோ அதற்கு மேலோ படித்தவர்கள். ஆண்டுதோறும் இந்தப் பட்டம் பெறும் பல்லாயிரக்கணக்கானோருக்கு அந்த எண்ணோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

இன்னும் கடினமான கேள்வி ஒன்று மிச்சம். குறைந்த சம்பளத்துக்குக் காரணம் பாடமா, அந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் மனிதர்களா? இதைப் பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. அரிதாகக் கிடைத்த ஒரு வாய்ப்பை ஸாக்கரி ப்ளீமர், ஆஷிஷ் மேத்தா இருவரும் பயன்படுத்தினார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில், அறிமுகப் பாடங்களில் சராசரி 2.8 புள்ளி எடுக்காதவர்கள் பொருளியலை முதன்மைப் பாடமாக எடுப்பதைத் துறை தடுத்தது. மயிரிழையில் தேறியவர்களும் மயிரிழையில் தவறியவர்களும் மற்ற எல்லா வகையிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி ஆட்கள். தவறியவர்களில் பெரும்பாலோர் போனது வேறு சமூக அறிவியல் பாடங்களுக்கு. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், 2.8 கோட்டுக்கு மேலே நின்று பொருளியல் படித்தவர்கள், தங்கள் இரண்டாவது விருப்பப் பாடத்தில் சம்பாதித்திருக்கக் கூடியதைவிட ஆண்டுக்கு 22,000 டாலர், அதாவது 46 சதவீதம், கூடுதலாகச் சம்பாதித்தார்கள். 2022இல் வெளியான ஆய்வு இது.

அந்த 22,000 டாலரில் ஏறக்குறையப் பாதிக்கு ஆய்வாளர்கள் காட்டிய காரணம், பொருளியல் படித்தவர்கள் போய்ச் சேரும் தொழில்துறை. வங்கி, நிதி போன்ற, ஏற்கெனவே அதிகம் கொடுக்கும் இடங்களுக்கு அவர்கள் போனார்கள். அப்படிப் போக வேண்டும் என்ற ஆசையே படிப்பினூடாக வளர்ந்தது. ஆக, வகுப்பறையில் கற்றது அதிகம் என்பதால் மட்டும் வந்த வித்தியாசம் இல்லை இது. நார்வேயில் கிர்க்கெபோன், லியூவன், மோக்ஸ்டாட் மூவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொன்னது. ஒரு பாடத்தின் பலனை, அது கிடைக்காவிட்டால் அந்த மாணவர் வேறு எதைப் படித்திருப்பார் என்பதோடு சேர்த்தே அளக்க முடியும். ‘அரசியல் அறிவியலுக்கு மதிப்பு உண்டா’ என்று பொதுவில் கேட்பதில் பொருளே இல்லை. எதற்குப் பதிலாக, எந்த வேலைக்கு, எந்தக் கடனோடு என்று கேட்டால்தான் பதில் இருக்கிறது.

இனி கடன் பக்கம். 27,000 டாலர் என்ற வரம்பு மாணவர் பெயரில் வாங்குவதற்கு மட்டும். கல்லூரிச் செலவு அதைத் தாண்டும்போது, பெற்றோர் பெயரில் பேரன்ட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன் இருக்கிறது. 2026 ஜூலைக்கு முன்புவரை கல்லூரி சொல்லும் மொத்தச் செலவில் மற்ற உதவிகள் போக எவ்வளவு மிச்சமோ அவ்வளவும் வாங்க முடிந்தது. வாங்குகிறவரின் வருமானம் அதைத் தாங்குமா என்று யாரும் கேட்பதில்லை. பழைய கடனில் பெரிய கோளாறு இல்லையென்றால் போதும். 2025-26இல் மாணவருக்கு வட்டி 6.39 சதவீதம், பெற்றோருக்கு 8.94 சதவீதம். போதாததற்குக் கடன் தொகையில் 4 சதவீதத்துக்கும் மேல் முன்கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். மாணவரின் கடனாக ஸ்கோர்கார்டு காட்டும் எண்ணில் இந்தக் கடன் இல்லை. தேடிப் பார்த்தால் தனி இடத்தில் இருக்கும். தனியார் வங்கிக் கடன் எங்குமே இல்லை.

மேலே சொன்ன மாணவிக்காக வீட்டார் 60,000 டாலர் இப்படி வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். 9 சதவீத வட்டியில், பத்தாண்டில் கட்ட, மாதத் தவணை 760 டாலர். அவளுடைய 300 டாலரையும் சேர்த்தால் 1,060. பல குடும்பங்களில் நடப்பதுபோல, ‘நீ வேலைக்குப் போனதும் பார்த்துக்கொள்’ என்ற வாய்ப்பேச்சு உடன்பாட்டில் அவளே இரண்டையும் கட்டினால், 45,000 டாலர் சம்பளத்தில் 28 சதவீதம் அதற்கே போகும். அரசின் கணக்கில் மட்டும் அவள் இன்னும் 8 சதவீதக்காரி.

பட்டம் முடித்த பின்பும் கடன் ஒரே அளவில் நிற்பதில்லை. ஜூடித் ஸ்காட்-கிளேட்டனும் ஜிங் லீயும் 2016இல் காட்டியது இது. இளங்கலை முடிக்கும் நாளில் கறுப்பினப் பட்டதாரிகளின் கடன் வெள்ளையரின் கடனைவிட சராசரியாக 7,400 டாலர் கூடுதல். நான்கே ஆண்டில் அந்த இடைவெளி ஏறக்குறைய 25,000 டாலராக விரிந்துவிடுகிறது. ஒரு பக்கம் வட்டி ஏறுவது, இன்னொரு பக்கம் மேற்படிப்புக்கு வாங்கும் புதுக் கடன். மேற்படிப்பே ஏணி என்று நம்பப்படும் அரசியல் அறிவியல் போன்ற பாடத்தில், பட்டமளிப்பு நாளன்று எடுக்கும் இந்தப் படம் எவ்வளவு சீக்கிரம் பழசாகிவிடும் என்று யோசித்துப் பாருங்கள். பாதியில் நின்றவர்களைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்: தவணை தவறுகிறவர்களில் பெரும்பகுதி பெரிய கடன்காரர்கள் அல்லர், சிறிய கடன் வாங்கிப் பட்டம் முடிக்காமல் போனவர்கள்.

சட்டப்படிப்பின் கணக்கு இன்னும் கூர்மையானது. மூன்றாண்டுக்கு 1.5 லட்சம் டாலர் கடன், 8 சதவீத வட்டி, பத்தாண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 1,820 டாலர். ஆண்டுக்கு 21,840. புதிய வழக்கறிஞர்களின் தொடக்கச் சம்பளத்தை வரைபடமாக வரைந்தால் ஒரு கூம்பு வராது, இரண்டு வரும். இடப்பக்கக் கூம்பு 1 லட்சம் டாலருக்குக் கீழே. அரசு வழக்கறிஞர்கள், சட்ட உதவி மையங்கள், சிறு அலுவலகங்கள் எல்லாம் அங்கே. வலப்பக்கத்தில், பெரிய நிறுவனங்கள் ஒரே மாதிரியாகக் கொடுக்கும் 2.25 லட்சம் டாலரை ஒட்டி ஒரு செங்குத்தான கோபுரம். நடுவே பள்ளம். சராசரிச் சம்பளம் என்று ஒரு கல்லூரி சொன்னால், அந்த எண் கிட்டத்தட்ட யாருமே நிற்காத பள்ளத்தில் விழக்கூடும். கோபுரத்தில் ஏறியவருக்கு 21,840 டாலர் என்பது பத்து சதவீதத்துக்கும் குறைவு. 70,000 டாலர் சம்பளத்தில் ஏழைகளுக்காக வாதாடப் போனவருக்கு அது 31 சதவீதம்.

பொதுப்பணிக்கு ஆட்களை உருவாக்குவதில் முன்னிற்கும் பாடத்தில், பொதுப்பணிக்குப் போகிறவரே இப்படி அதிகம் நசுங்குகிறார். நுழைவாயிலிலேயே இது தொடங்குகிறது. நாடாளுமன்ற அலுவலகங்களில் பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் கொடுப்பதற்கென்று தனியே பணம் ஒதுக்கப்பட்டது 2018இல்தான். வெள்ளை மாளிகை கொடுக்கத் தொடங்கியது 2022இல். அதற்கு முன், வாஷிங்டனில் மூன்று மாதம் தன் காசில் வாடகை கொடுத்துத் தங்க முடிந்தவருக்கே அந்தக் கதவு எளிதாகத் திறந்தது. முதுகலை முடித்தவர்களை மத்திய அரசுக்குள் கொண்டுவர 1977இல் கார்ட்டர் காலத்தில் தொடங்கிய மேலாண்மைப் பயிற்சித் திட்டத்தை 2025 பிப்ரவரியில் ஓர் ஆணை முடித்துவைத்தது. அந்த ஏணியை நம்பிக் கடன் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தவர்கள் பாதி வழியில் நின்றார்கள்.

அரசு ஒரு வாக்குக் கொடுத்திருந்தது. 2007இல் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, அரசிலோ லாபநோக்கற்ற அமைப்பிலோ வேலை செய்துகொண்டே 120 மாதத் தவணை ஒழுங்காகக் கட்டினால் மீதிக் கடன் தள்ளுபடி. முதல் விண்ணப்பங்கள் 2017 அக்டோபரில் வந்தன. 2018 ஜூன் முடிய ஏறத்தாழ 28,000 விண்ணப்பங்கள் வந்ததில் தள்ளுபடிக்கு ஏற்கப்பட்டவர்கள் 96 பேர். பலர் வாங்கியிருந்த கடன் தவறான வகை, அல்லது சேர்ந்திருந்த தவணைத் திட்டம் தவறானது. பத்தாண்டு மாதம் தவறாமல் கட்டியவர்களிடம் பத்தாண்டு கழித்துத்தான் இதைச் சொன்னார்கள். 2021இல் விதிகளைத் தளர்த்திய பிறகு நிலைமை மாறி, 2024 இறுதிக்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் கடன் நீங்கியது. அரசு தன் வாக்கைக் காப்பாற்ற நினைத்தால் அதனால் முடியும் என்பதற்கு அந்தப் பத்து லட்சமே சாட்சி. முதல் ஆண்டுகளில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இழந்த காலத்தை மட்டும் யாரும் ஈடுகட்டவில்லை.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் இந்தக் கணக்கு முழுவதையும் 2026 ஜூலை முதல் மாற்றிப்போடுகிறது. ஒரு படிப்பை முடித்து நான்காண்டு ஆனவர்களின் இடைநிலைச் சம்பளம், அதே மாநிலத்தில் பள்ளிப்படிப்போடு நின்ற 25 முதல் 34 வயதினரின் இடைநிலைச் சம்பளத்துக்குக் கீழே, மூன்றில் இரண்டு ஆண்டு விழுந்தால், அந்தப் படிப்புக்கு மத்தியக் கடன் கிடைக்காது. பெரும்பாலான அரசியல் அறிவியல் துறைகள் இதைத் தாண்டிவிடும் என்றே நினைக்கிறேன். கோடு அவ்வளவு தாழ்வானது. இனிக் கடன் வாங்குகிறவர்களுக்கான புதிய தவணைத் திட்டத்தில் வருமானத்துக்கேற்ப 1 முதல் 10 சதவீதம் கட்ட வேண்டும். 45,000 டாலர் சம்பளக்காரிக்கு 4 சதவீதம், மாதம் 150 டாலர். பழைய 300இல் பாதி. ஆனால் மீதிக் கடன் நீங்க முப்பது ஆண்டு ஆகும். பெற்றோர் கடனுக்கு இந்தச் சலுகை கிடையாது. மகளின் சம்பளம் என்னவாக இருந்தாலும் அந்தத் தவணை அசையாது. அதே சட்டம் பெற்றோர் கடனுக்கு ஆண்டுக்கு 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பும் போட்டிருக்கிறது. பல குடும்பங்களை இது காப்பாற்றும். சிலருக்கு, நினைத்த கல்லூரியையே கைவிடச் செய்யும்.

மேற்படிப்புக்கு, செலவு எவ்வளவோ அவ்வளவும் வாங்க 2006 முதல் வழிவிட்ட கிராட் பிளஸ் கடன், புதிதாக வாங்குவோருக்கு இல்லாமல் போகிறது. சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு இனி ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர். கட்டணம் இனியாவது இறங்கும் என்று சட்டத்தை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். இறங்கினால் நல்லது. ஆனால் பெயர்பெற்ற தனியார் சட்டப்பள்ளிகள் சிலவற்றில் படிப்புக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 75,000 டாலரைத் தாண்டுகிறது. வாடகையும் சாப்பாடும் தனி. 2026 இலையுதிர் காலத்தில் அங்கே சேரும் அரசியல் அறிவியல் பட்டதாரிக்கு, உதவித்தொகை கிடைக்காவிட்டால், துண்டு விழும் தொகை தனியார் கடன்காரரிடமிருந்துதான் வர வேண்டும். அந்தக் கடனுக்கு 120 மாதத் தள்ளுபடி பொருந்தாது. வருமானத்துக்கேற்ற தவணை என்று அரசு வைத்திருக்கும் விதியும் பொருந்தாது. இருபத்திரண்டு வயதில் சம்பளமோ சொத்தோ இல்லாதவரிடம் தனியார் கடன்காரர் முதலில் கேட்பது, கூடக் கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள் என்பதுதான். விண்ணப்பம் மறுபடியும் அம்மாவிடமோ அப்பாவிடமோ போகிறது.